கிஃப்ட் லெட்டரில் இருப்பது உங்கள் கையெழுத்து

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கினோம். லோன் ஆபீசர் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமானவர், கூடப் பிறந்த அண்ணன் மாதிரி நம்பினோம். முதலில் ஒரு வட்டி சொன்னார், கடைசியில் வந்தது வேறு. முன்பணத்துக்கு மச்சானிடம் 40,000 டாலர் கடன் வாங்கினோம். "கிஃப்ட் என்று எழுதிக் கொடுங்கள், எல்லாரும் செய்வதுதான்" என்றார். மச்சானுக்கும் கட்டி, வீட்டுத் தவணையும் கட்ட முடியவில்லை. மாநில அரசிடம் புகார் கொடுத்து அவருடைய லைசென்ஸையும் எங்கள் கடனையும் ரத்து செய்ய முடியுமா? கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம்.

பதில்: வட்டி விஷயத்தை விட்டுவிடுங்கள். க்ளோசிங்குக்கு, அதாவது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கு, மூன்று வேலை நாள் முன்பே கடனின் இறுதி விவரம் அடங்கிய க்ளோசிங் டிஸ்க்ளோஷர் கைக்கு வந்திருக்கும். வட்டி அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அண்ணன் மாதிரி பழகினார் என்பது வழக்கில் நிற்காது. மூன்று நாளில் கடனை ரத்து செய்யும் உரிமை, இருக்கிற வீட்டின் மேல் வாங்கும் ரீஃபைனான்ஸ் போன்ற கடன்களுக்குத்தான், வீடு வாங்கும் கடனுக்குக் கிடையாது.

கிஃப்ட் லெட்டர் என்பது, இது திருப்பித் தர வேண்டாத பணம் என்று கடன் கொடுப்பவருக்கு எழுதிக் கொடுப்பது. மிச்சம் ஒரே கேள்விதான்: அந்தப் பணம் கிஃப்ட் இல்லை என்பது கையெழுத்துப் போடும்போது உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்று நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். 2008-ல் வந்த சேஃப் சட்டம், லோன் ஆபீசர்களில் இப்படிப்பட்டவர்களை வடிகட்டத்தான் வந்தது. கைரேகை, பரீட்சை, ஆண்டுதோறும் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. கடுமையான (ஃபெலனி) மோசடிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் லைசென்ஸ் கிடையாது. உங்கள் ஆள் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கம்பெனிக்காரர் என்றால் ட்ரெண்டனில் உள்ள மாநில பேங்கிங் அண்ட் இன்ஷூரன்ஸ் துறை விசாரிக்கலாம், அபராதம் போடலாம், லைசென்ஸைப் பறிக்கலாம். பேங்க் ஊழியர் என்றால் அவருக்கு மாநில லைசென்ஸே இருக்காது, ஃபெடரல் (மத்திய அரசு) பதிவு மட்டும்தான். எப்படியானாலும் லைசென்ஸ் போவதால் உங்கள் கடன் போகாது.

ஆபத்து அந்தப் புகார்க் கடிதத்தில்தான் இருக்கிறது. மனக்கொதிப்பில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் என்னிடம் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "அவர் சொன்னார், நான் பொய் எழுதினேன்" என்ற ஒரு வரி போதும். அவருக்கு எதிராக நீங்கள் கொடுக்கும் சாட்சியம் உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகவும் ஆகிவிடும். கடன் வாங்கத் தெரிந்தே பொய் சொன்னால் ஃபெடரல் சட்டப்படி 30 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். பேங்க் அல்லாத மார்ட்கேஜ் கம்பெனிகளும் 2009-ல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வழக்குப் போட அரசுக்கு 10 ஆண்டு அவகாசம் உண்டு. லெட்டரில் கையெழுத்துப் போட்ட மச்சானும் மாட்டுவார்.

உங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை கிரீன் கார்டு. மோசடி போன்ற குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டாலே, தண்டனை இல்லாமலும் விண்ணப்பத்தை மறுக்கக் குடியேற்றச் சட்டத்தில் இடமிருக்கிறது. எந்த ஒப்புதல் அந்த வரம்புக்குள் வரும் என்பது தனி வாதம். அந்த வாதத்தை நீங்கள் நடத்த வேண்டிய நிலையே வரக்கூடாது.

இன்னொன்று, "பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் புகார் கொடுப்பேன்" என்று அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். அது மிரட்டிப் பணம் பறித்ததாகத் திரும்பும். பழைய மெசேஜ்களையும் அழிக்காதீர்கள். அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடலாம்.

என் ஆலோசனை: சமரசமாகப் போங்கள். ஒரு கிரிமினல் வக்கீலும் ஒரு குடியேற்ற வக்கீலும் சேர்ந்து பார்க்கும் முன் யாருக்கும் எதையும் எழுத வேண்டாம். அந்தக் கம்பெனியிடம் கட்டணத்தில் கொஞ்சம் திருப்பிக் கேட்பதென்றாலும் வக்கீல் மூலமாகத்தான். வீட்டுத் தவணை ஒரு மாதமும் தவறக்கூடாது. தவணை நின்றால் கடன் கொடுத்தவர் உங்கள் ஃபைலைத் திறந்து பார்ப்பார். அதற்காக மச்சானிடம் உட்கார்ந்து பேசி அவருக்குக் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். அதுவும் முடியாது என்றால், நஷ்டம் வந்தாலும் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள்.