காட்டு எலுமிச்சையில் பாம்புத்தலைப் புழு

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "காபித் தோட்டத்து ஓரம் காட்டு எலுமிச்சைப் புதரில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. முன்பக்கம் பாம்புத்தலை மாதிரி புடைத்து, இரண்டு கண். குச்சியால் தொட்டதும் சிவப்பாக இரட்டை நாக்கை நீட்டியது, ஒரே நாற்றம். என் மகன் அதைக் கையில் வேறு எடுத்துவிட்டான். விஷமா? பக்கத்தில் கமலா ஆரஞ்சு நாற்று இருக்கிறது, மருந்து அடிக்கட்டுமா?"

பையனுக்கு ஒன்றும் ஆகாது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். அரிப்பைக் கொடுப்பது முருங்கையில் அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சி மாதிரி ரோமமோ முள்ளோ உள்ளவை. இது மழமழவென்ற மொட்டைப் புழு.

நீங்கள் பார்த்த கண், கண்ணே இல்லை. மார்பின் மூன்றாம் வளையத்தில் உள்ள வெறும் புள்ளி. நிஜத் தலை அதற்கும் முன்னால், கீழே குனிந்து, மிளகு அளவில் ஒளிந்திருக்கும். நாக்கும் நாக்கில்லை. தலைக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து வெளியே பிதுங்கும் கவை வடிவச் சுரப்பி அது. கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் அடிப்பது அதில் உள்ள அமிலங்களால். எறும்புகளை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. இந்தக் கவை ஒன்று போதும், இது அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் புழு என்று சொல்லிவிடலாம். சேம்பு இலையில் கண் புள்ளியோடு ஒரு புழுவைப் பார்த்து, அதன் வால்பக்கம் கொம்பும் இருந்தால் அது வேறு, பருந்து அந்துப்பூச்சியினுடையது.

அழகிகளில் எது? எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, பெரிய நீலத்திட்டுகளோடு காபித் தோட்டங்களில் பறக்கும் ப்ளூ மார்மன், மூன்றும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளைத்தான் தின்னும். புழுக்களும் அக்காள் தங்கை மாதிரி. இளம் பருவத்தில் ஈரமான பறவை எச்சம் போலவே இருப்பதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான்காம் முறை தோலுரித்த பிறகுதான் இந்தப் பச்சை. படம் எடுத்து அனுப்பினாலும் ப்ளூ மார்மன் என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவேன்.

மருந்து வேண்டாம். வளர்ந்த மரத்துக்கு நாலு புழுவால் கேடில்லை. நாற்றில் ஏறினால் மட்டும், அதன் தளிரை மொட்டையடித்துவிடும் என்பதால், கையால் எடுத்துப் புதரிலேயே விடுங்கள்.

பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் வாய் அகன்ற பாட்டிலில் ஒரு குச்சியும் அதே புதரின் தழையும் போட்டு, வாயைத் துணியால் கட்டி வையுங்கள். தழையை அன்றன்று மாற்றுங்கள். தின்பதை நிறுத்திய புழு, இடுப்புப் பட்டையில் சாய்ந்து கம்பத்தில் நிற்கும் லைன்மேன் போல, பட்டு நூலில் சாய்ந்து கூட்டுப்புழு ஆகும். ஏறக்குறைய இரண்டு வாரம். மலைக்குளிரில் இன்னும் தள்ளிப்போகலாம். சில சமயம் சிறகுக்குப் பதில் கூட்டில் ஓட்டை விழுந்து, பொடிப்பொடியாகக் குளவிகள் வரும். அப்படி வந்தால் துணியை அவிழ்த்து விட்டுவிடுங்கள். புழுக்கள் பெருகாமல் பார்த்துக்கொள்வதே அவைதான்.