பொண்ணு மாட்டு நோயில பிஎச்டி பண்ணணும்ங்கறா, விடலாமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க முப்பது வருஷமா பெங்களூரு அல்சூர்ல இருக்கோம். என் பொண்ணு ஹெப்பால் வெட்னரி காலேஜ்ல பிவிஎஸ்சி, எம்விஎஸ்சி ரெண்டும் முடிச்சிட்டா. இப்போ நோயை தாங்கற மாடுகளை எப்படி இனவிருத்தி பண்றதுன்னு பிஎச்டி பண்ணப்போறாளாம். சொந்தக்காரங்க எல்லாம் இந்திரா நகர்ல ஒரு நாய் கிளினிக் போட்டு குடுங்கங்கறாங்க. தடுப்பூசிதான் இருக்கே, அப்புறம் இந்த ஆராய்ச்சி எதுக்கு? அதுவும் எந்நேரமும் லேப்டாப்லயே உக்காந்திருக்கா, மாட்டை தொடறதே இல்ல. - ஒரு அம்மா, அல்சூர்

பதில்: அம்மா, 2013ல கர்நாடகாவுல கோமாரி வந்தப்ப நான் கோலார் பக்கம் வேலை பாத்துட்டு இருந்தேன். ஒரு கொட்டாய்ல ஆறு மாடு, ஒரே தீவனம், ஒரே தொட்டித் தண்ணி. ரெண்டு செத்துப்போச்சு, மூணு நாக்குல புண்ணு வந்து பத்து நாள் படுத்த படுக்கை, ஒண்ணு மட்டும் ரெண்டு நாள் எச்சி வடிச்சிட்டு மூணாம் நாள் புல்லு திங்க ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுக்காரம்மா என்கிட்ட ஏன் சார் இதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலன்னு கேட்டாங்க, நான் உங்க அதிர்ஷ்டம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன், அந்த பதில் இன்னிக்கும் எனக்கு உறுத்துது. முன்னாடி போட்ட ஊசியா, வயசா, உடம்புக்குள்ள போன கிருமி கம்மியா, இல்ல தாய் தகப்பன் வழியா வந்த குணமான்னு பிரிச்சு பாக்கத் தெரியணும். உங்க பொண்ணு கத்துக்கப்போறது அதைத்தான்.

வழிவழியா வர்ற குணம் நிஜமாவே இருக்கு. உண்ணி மூலமா வர்ற தைலேரியா காய்ச்சலை நம்ம பக்கத்து நாட்டு இனமான சாஹிவால் கன்னுங்களுக்கும், எச்.எஃப்ங்கற வெளிநாட்டு கறவை இனக் கன்னுங்களுக்கும் குடுத்து ஸ்காட்லாந்து ரோஸ்லின் இன்ஸ்டிடியூட்ல பாத்தாங்க, சாஹிவாலுக்கு காய்ச்சல் கம்மியா இருந்துச்சு, நல்லா தாங்குச்சு. செம்மறி ஆட்டுக்கு வர்ற ஸ்க்ரேப்பின்னு மூளை நோய்ல ஒரே ஒரு ஜீன்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது, அதனால பிரிட்டன்ல 2001ல திட்டம் போட்டு, ரத்தம் டெஸ்ட் பண்ணி, அந்த நல்ல ஜீன் இருக்கற கிடாவா பாத்து சேர்த்தாங்க. ஆனா எல்லா நோயும் அவ்ளோ ஈஸி இல்ல. மடிநோய்ல மாட்டுக்கு மாடு இருக்கற வித்தியாசத்துல பரம்பரையோட பங்கு ரொம்ப சின்னது, பத்து சதவீதத்தை தாண்டறதே கஷ்டம், மீதி எல்லாம் கொட்டாய் சுத்தம், கறக்கற கை, மழை ஈரம்னு போயிடும். இருந்தும் நார்வேகாரங்க 1975ல இருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் என்ன சிகிச்சை பண்ணாங்கன்னு எழுதி வெச்சாங்க, 1978ல இருந்து காளையை தேர்ந்தெடுக்கும்போது அதோட மகள்களுக்கு மடிநோய் எவ்ளோ வந்துச்சுன்னும் சேர்த்து பாத்தாங்க. அவ்ளோ சின்ன பங்கை வெச்சும் தலைமுறை தலைமுறையா முன்னேற்றம் பாத்தாங்கன்னா அதுக்கு காரணம் அந்த எழுத்துதான்.

லேப்டாப் விஷயத்துக்கு வரேன். பசு சினையா இருக்கறதே ஒன்பது மாசம், பொறந்த கிடேரி வளர்ந்து முதல் கன்னு போட ரெண்டரை மூணு வருஷம் ஆயிடும். பிஎச்டியே மூணு நாலு வருஷம்தான், அதுக்குள்ள புது மாட்டை உருவாக்க முடியாதும்மா, ஏற்கனவே இருக்கற ஆயிரக்கணக்கான மாடுகளோட ரெக்கார்டை வெச்சு கணக்கு போட்டாத்தான் உண்டு. அந்த கணக்குல ஒரு அழகான விஷயம் இருக்கு. புரியறதுக்காக சொல்றேன், ஒரு மாட்டுக்கு நோய் வந்தா அது சராசரியா நாலு மாட்டுக்கு ஒட்டுதுன்னு வெச்சுக்கோங்க. நோய் தொத்திக்கற தன்மை பாதியா குறைஞ்ச மாடுங்களா இருந்தா நாலு ரெண்டாயிடும். அதே மாடுங்க நோய் வந்தாலும் பாதி கிருமியத்தான் வெளிய விடும்னா ரெண்டு ஒண்ணாயிடும். அதுக்கும் கீழ போச்சுன்னா பரவறது தானா அடங்கிடும், ஒரு மாடுகூட முழுசா நோயை ஜெயிக்காமலேயே மொத்த ஊரும் தப்பிச்சிடும்! இதுக்கு நேர் எதிரா, நோய் வந்தும் நல்லா பால் கறக்குற மாட்டையே பாத்து பாத்து பெருக்கினோம்னா ஆபத்து, அது பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பக்கத்து கொட்டாய்க்கு கிருமியை பரப்பிட்டே இருக்கும்.

தடுப்பூசி கண்டிப்பா வேணும், 2019ல இருந்து கோமாரிக்கும் கன்னு வீச்சு நோய்க்கும் மத்திய அரசே இலவசமா போடற திட்டம் ஓடுது. ஆனா மடிநோய்க்கும் குடல் புழுவுக்கும் ஒரு ஊசி போட்டா தீர்ந்துச்சுன்னு இல்லையே. அங்கதான் இந்த படிப்புக்கு வேலை. பாப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, பேர் கேட்டாலே பயப்படற பெரிய நோயை எடுக்காதம்மா, அதுக்கு ரெக்கார்டு கிடைக்காது, மாடுகளுக்கு வேணும்னே கிருமியை குடுத்து பாக்கவும் உனக்கு வசதி இருக்காது, மடிநோய் எடு, பாலை டெஸ்ட் பண்ணாலே, மடிநோய் வந்தா ஏறுற செல் எண்ணிக்கை நம்பரா கிடைச்சிடும். ஊரை விட்டும் போக வேண்டாம், எலஹங்கால நோய் பரவலை பத்தியே ஆராயற நிவேதி இருக்கு, ஆடுகோடில என்டிஆர்ஐங்கற தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட தென்மண்டல நிலையம் இருக்கு. நம்ம நாட்டு மாடுகளுக்குன்னே கௌசிப்னு ஜீன் பாக்கற சிப் 2024 அக்டோபர்ல வந்துடுச்சு. ஆனா வாரத்துல ஒரு நாள் கொட்டாய்ல நிக்கச் சொல்லுங்க, அந்த விஷயத்துல நீங்க கோவப்பட்டது சரிதான். கிளினிக் பத்து வருஷம் கழிச்சும் போட்டுக்கலாம், விடுங்கம்மா, படிக்கட்டும்.

கேள்வி: ஜீன் எடிட்டிங் வந்தாச்சே சார், இன்னும் எதுக்கு தலைமுறை கணக்கா காத்திருக்கணும்? - ஐடி ஊழியர், ஒயிட்ஃபீல்டு

பதில்: தம்பி, பன்னிக்கு வர்ற பிஆர்ஆர்எஸ்ங்கற நோய்ல அது நடந்துடுச்சு. அந்த வைரஸ் சிடி163ங்கற புரோட்டீனை பிடிச்சுத்தான் செல்லுக்குள்ள போகும், அதை மாத்தின பன்னிங்களுக்கு அந்த நோய் தொத்தல, 2025 ஏப்ரல்ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதியும் குடுத்துடுச்சு. ஆனா அது ஒரே ஒரு நோய்க்குதான். மடிநோய்ல நூத்துக்கணக்கான ஜீன் ஒவ்வொண்ணும் துளித்துளியா வேலை செய்யுது, அதுல எதைன்னு வெட்டுவீங்க?

கேள்வி: என்கிட்ட ஒரு எச்.எஃப் கிராஸ் பசு இருக்கு, ஏழு ஈத்து ஆச்சு, ஒரு தடவைகூட மடிநோய் வரல. இதை யார்கிட்ட சொல்றது? - பால்காரர், ஹொசகோட்டை

பதில்: அண்ணே, உங்க லெட்டரை படிச்சு அவ்ளோ சந்தோஷப்பட்டேன். ஒரு மாட்டை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, நீங்க நல்லா பாத்துக்கறதாலயும் இருக்கலாம். ஆனா அதோட மகள்களும் அப்படியே இருந்தா விஷயம் வேற. காதுல இருக்கற பன்னெண்டு இலக்க டேக் நம்பர், சினை ஊசி போட்ட காளையோட நம்பர், ஈத்து தேதி, எந்த மாட்டுக்கு எப்போ மடி வீங்குச்சுங்கறது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க, ஊசி போட வர்றவர்கிட்டயும் காட்டுங்க. கிடேரி கன்னு ஏதாவது வித்திருந்தீங்கன்னா, வாங்கினவங்க போன் நம்பரையும் அதே நோட்டுல எழுதி வைங்கண்ணே.