சர்வதேசப் பொருளாதார உறவுகள் படித்தால் பேராசிரியர் ஆக முடியுமா? டெல்டாவில் இருப்பவருக்கு இந்தப் படிப்பு எதற்கு?

முடியும், நான் ஆகியிருக்கிறேன். கேள்வியின் இரண்டாம் பாதியை உங்கள் வீட்டில் யாரோ கேட்டிருக்க வேண்டும். என் வீட்டிலும் கேட்டார்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். நான் முதுகலை முடித்த வருடம் சம்பா அறுவடையில் மழை. கொள்முதல் நிலைய வாசலில் எங்கள் நெல் ஒன்பது நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அப்பா விடியலில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்பது அவர் கணக்கு. நிலையத்தின் ஈரப்பதக் கருவியோ கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு இறங்கவே இல்லை. ஏழாம் நாள் குவியலின் அடியில் கைவிட்டுக் கிளறினார். வெள்ளை வெள்ளையாக முளை.

பிறகு முனைவர் பட்ட ஆய்வில் உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தைப் படித்தேன். இரண்டாம் இணைப்பில் ஓர் அடிக்குறிப்பு: உணவு இருப்புக்காக அரசு தானே நிர்ணயித்த விலையில் தானியம் வாங்கினால், அந்த விலைக்கும் ஒரு பழைய உலகச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் மானியக் கணக்கில் சேரும். பழைய விலை என்பது 1986-88 சராசரி! அந்தக் கணக்கு அரிசி உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால் இந்தியா வரம்பு மீறியதாகும். 2013 பாலி மாநாட்டில் பெற்ற 'சமாதான விதி'தான் வழக்கு வராமல் காக்கிறது. அன்றே ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

நெல் முளைத்ததற்கு அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவா காரணம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தாமதம் உள்ளூர்க் கோளாறு. ஆனால் அப்பா நம்பி நின்ற அந்த அரசு விலைக்கு அங்கே பேரம் நடக்கிறது. அதைப் படிக்க டெல்டாக்காரருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

வேலைதான் கஷ்டம். ஒரு கல்லூரியின் நேர்முகத்தில் பொருளாதாரத் துறை என்னை அரசியல் ஆள் என்றது. இன்னொன்றில் அரசியல் அறிவியல் துறை பொருளாதார ஆள் என்றது. மூன்று வருடம் இப்படியே போனது. ஆகவே முதுகலையை இந்த இரண்டில் ஒன்றில் முடியுங்கள், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வையும் அதிலேயே எழுதுங்கள், ஆய்வில் இதற்குள் வாருங்கள்.

அண்ணன் இன்றும் அதே வாசலில்தான் நிற்கிறார். எடை போட மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள். கொடுக்காதவர் நெல் கடைசியில்தான் தராசுக்குப் போகிறது. பேராசிரியர் தங்கை இருந்தும் போன தையில் அவர் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.