பொலிஸ் வரும் காதல் நாவல் ஏன் தனி வகை?

துப்பறியும் நாவலிலும் கொலை, விசாரணை, காதல் எல்லாம் வருகிறதே, பிறகு ரொமான்டிக் சஸ்பென்ஸ் என்று எதற்குத் தனிப்பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். காதல் இல்லாமலும் வழக்கு தனித்து நின்றால் அது துப்பறியும் நாவல். ரொமான்டிக் சஸ்பென்ஸில் அப்படிப் பிரிக்க முடியாது. ஆபத்துதான் இருவரையும் நெருங்க வைக்கும். அந்த நெருக்கமே விசாரணையைச் சிக்கலாக்கும். சாட்சியைக் காக்க வந்த அதிகாரி அவளையே நேசித்துவிட்டால், அவருடைய அறிக்கையை யார் நம்புவது? இந்த வகையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். கொலைகாரன் பிடிபட்டால் மட்டும் போதாது, காதலும் நிறைவாக முடிய வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ், ஜே. டி. ராப் என்ற பெயரில் 1995இல் தொடங்கிய ‘இன் டெத்’ தொடர் நல்ல ஆரம்பம். முதல் நாவல் 2058ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடக்கும் கதை. கொலை வழக்கை விசாரிக்கும் ஈவ் டல்லாஸ், சந்தேகப் பட்டியலில் உள்ள ரோர்க்கிடமே மனதைக் கொடுக்கிறாள். கடமையா காதலா என்ற இழுபறி அபாரம்.

தமிழ்த் துப்பறியும் நாவல்களில் ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா ஜோடிகள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வழக்குதான் முன்னால் நிற்கும்.

கொழும்பில் என்றால், தமிழ் நாவல்களுக்கு வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் தேடுங்கள். ஆங்கில நாவல்களுக்கு விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகிலுள்ள பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஒன்று, தொடர் என்றால் முதல் நாவலிலிருந்தே வாசியுங்கள். அந்த உறவு பாகம் பாகமாகத்தான் வளரும்.