இழை இழையாக உதிரும் கல்: சிப்பியா, ஜிப்சமா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் காரை ஓடைக்கரையில் விரல் தடிமனில் ஒரு வெள்ளைத் துண்டு கிடைத்தது. உடைந்த பக்கம் நூல் நூலாக இருக்கிறது. அழிந்துபோன இனோசெராமிட் கடல் சிப்பியின் ஓடு என்கிறார் நண்பர். எப்படி உறுதிசெய்வது?

பதில்: காரையில் இழைக்கல் கிடைத்தால் முதல் சந்தேகம் ஜிப்சத்தின் மேல்தான் வரவேண்டும். அங்குள்ள களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அதன் இழைகள் நரம்பின் பக்கங்களுக்குச் செங்குத்தாக நிற்கும். இனோசெராமிட் ஓட்டிலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் தூண்கள் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஏமாறத்தான் வேண்டும்.

நகத்தால் கீறுங்கள். 1 முதல் 10 வரையான மோஸ் அளவுகோலில் ஜிப்சத்தின் கடினத்தன்மை 2, கீறல் விழும். கால்சைட்டுக்கு 3, நகம் ஏறாது. பிறகு துண்டைக் கழுவிக் காயவைத்து, ஊசியால் சுரண்டி, அந்தத் தூள்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். கால்சைட் சின்னச் சின்னக் குமிழி விடும், ஜிப்சம் அசையாது. கழுவாமல் விட்டால் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு மண் நுரைத்து உங்களைக் குழப்பிவிடும்.

கால்சைட் என்று தெரிந்தாலும் அவசரம் வேண்டாம். கணவாய்க்கு உறவான, அழிந்துபோன பெலம்னைட்டின் புதைபடிவமும் கால்சைட்தான், ஆனால் அது துப்பாக்கித் தோட்டா வடிவம், இழைகள் நடுவிலிருந்து சுற்றிலும் விரியும். ஆளிச்சிப்பி ஓடு தாள் தாளாக உரியும். இனோசெராமிட் ஓட்டின் பரப்பைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: தூண்களின் முனைகள் தேன்கூடு மாதிரி பலகோணங்களாக நெருங்கியிருக்கும். துண்டு பெரிதென்றால் வெளிப்புறத்தில் அலை அலையான வளைய மேடுகளும் தெரியும்.

தூண்களைப் பிணைத்திருந்த கரிமப் படலம் மக்கிப்போனதால்தான் ஓடு உதிர்கிறது. அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்தால் மிச்சமும் போய்விடும். மென்மையான பிரஷ் போதும். நன்றாகக் காய்ந்த பின் அசிட்டோனில் 5 சதவீதம் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்து, மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். கெட்டியாகக் கரைத்தால் மேலே பளபளக்கும், உள்ளே இறங்காது. ஈரம் இருந்தால் வெள்ளை பூத்துவிடும்.

கேள்வி: இந்தச் சிப்பிகளில் ஆள் உயரத்துக்கு மேலும் இருந்தனவாமே?

பதில்: இருந்தன. அமெரிக்காவின் கான்சாஸ் சுண்ணப்பாறையில் கிடைக்கும் பிளாட்டிசெராமஸ் என்ற இனோசெராமிட் 3 மீட்டர் வரை வளர்ந்தது. ஓடு என்னவோ அந்த அளவுக்கு மிக மெல்லியது. அதற்குள் தங்கிய சிறு மீன்களின் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன. டைனோசர்களோடு சேர்ந்து அழிந்ததாகச் சொல்வது முழுக்கச் சரியல்ல. 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தப் பேரழிவுக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் முன்பே இக்குடும்பத்தில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. டெனுயிப்டீரியா என்ற சிறிய இனம்தான் கடைசி வரை தாக்குப்பிடித்தது.