கார் போற இடத்தில மேன்ஹோல் மூடி உடைஞ்சா பலகை போட்டு வைக்காதீங்கோ

கேற்றுக்கும் போட்டிக்கோவுக்கும் நடுவில இருக்கிற மேன்ஹோல் மூடி உடைஞ்சிட்டுது, இப்போதைக்குப் பலகை ஒண்டு போட்டு வச்சிருக்கிறன், மூடியை மட்டும் மாத்தினாக் காணுமா, நானே செய்யலாமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். அந்தப் பலகை எண்ட சொல்லைப் பாத்த உடன தான் இதை எழுத இருந்தனான், மற்றப்படி இந்தத் தளத்தில நான் வாசிக்கிறதோட சரி.

முதல்ல இண்டைக்கே அந்தப் பலகையை எடுங்கோ. எடுத்திட்டு வெல்டிங் கடையில கால் இஞ்சி மொத்தத் தகடு வாடகைக்குத் தருவினம், குழியை விட நாலு பக்கமும் ஒரு அடி கூடவா இருக்கிற மாதிரி வாங்கிப் போட்டு, வாகனம் உள்ள வராத மாதிரி கேற்றைப் பூட்டுங்கோ. செலவு எண்டு பாக்காதீங்கோ. ஏன் சொல்லுறன் எண்டு கீழ எழுதுறன்.

நாங்கள் இருக்கிறது திருகோணமலை டவுனுக்குள்ள. பின்வளவில கிணறு, கிணத்துக்கும் மலக்குழிக்கும் 50 அடியாவது இருக்க வேணும் எண்டு மாமா அந்தக் காலத்திலயே குழியை முன்பக்கம் வெட்டினவர், பிறகு கார் போறதுக்கு சீமெந்துப் பாதை போடேக்க மூடி பாதைக்கு நடுவில வந்திட்டுது. இப்பிடித் தான் இங்க கனபேற்ற வீட்டில, உங்கடயும் அப்பிடித் தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். இருபது வருசத்துக்கு மேல ஒரு பிரச்சினையும் இல்ல. 2023ல குசினிப் பக்கம் தளம் உயர்த்த ஒரு கியூப் மணல் எடுத்தம், ரிப்பர் லொறி பின்பக்கமா உள்ள வந்தது, டமார் எண்டு ஒரு சத்தம், மூடி குறுக்க வெடிச்சு ஒரு மூலை குழிக்குள்ள போயிட்டுது. ஒரு கியூப் எண்டா 100 கன அடி, மணல் மட்டும் நாலரை தொன் வரும், லொறியிட நிறை வேற. டிரைவரைக் குறை சொல்லேல்ல, அவருக்கு அங்க குழி இருக்கிறது தெரியாது, நான் தான் சொல்லியிருக்க வேணும்.

வீட்டுக்காரர் கட்டார்ல. நான் பள்ளிக்கூடம், பரீட்சைக் காலம் வேற. பழைய கதவுப் பலகை ஒண்டைக் குறுக்க போட்டு, மேல ஒரு பெயின்ற் வாளியைக் கவிட்டு வச்சன், சனி ஞாயிறு வர மேசனைப் பிடிப்பம் எண்டு. அந்தச் சனி ஞாயிறு போய் அடுத்த சனி ஞாயிறும் போயிட்டுது. எங்கட மாமிக்கு 74 வயசு, விடிய அஞ்சரைக்கு சாமிக்குப் பூ ஆயப் போறவ. ஒரு நாள் விடியக்காலமை வெளியில சரசரவெண்டு சத்தம் கேட்டுது, மான் வந்து கண்டைத் தின்னுது எண்டு நினைச்சு நான் எழும்பேல்ல. (திருகோணமலை ஆக்களுக்குத் தெரியும், கோட்டைப் பக்கத்து மான்கள் டவுன் முழுக்கத் திரியுது, கேற் திறந்திருந்தா உள்ள வந்திடும்.) பிறகு தான் மாமியிட குரல் கேட்டுது, கத்தக் கூட இல்ல, "பிள்ள, ஒருக்கா வாறியா" எண்டு மெதுவாக் கூப்பிட்டவ. ஓடிப் போய்ப் பாத்தா பலகையிட ஒரு முனை மேல எழும்பி நிக்குது, மாமியிட வலது கால் முழங்கால் மட்டும் குழிக்குள்ள, மற்றக் கால் மடங்கின படி வெளியில, கையில பூத்தட்டு அப்பிடியே இருக்கு, ஒரு செவ்வரத்தம் பூ கூடக் கொட்டேல்ல. செருப்பு கறுத்தத் தண்ணியில மிதக்குது. உடைஞ்ச கொங்கிறீற்றில நீட்டிக் கொண்டிருந்த கம்பி முன்னங்காலைக் கீறி, தோல் ஒரு சாண் நீளத்துக்கு மடிஞ்சு தொங்கினது. அவவுக்கு சீனி வருத்தம். அந்தப் புண் ஆற ரெண்டு மாசத்துக்கு மேல எடுத்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்ட ஓட்டோவில கொண்டு போய் வந்தன். ஒரு நாளும் அவ என்னை ஒரு வார்த்தை கேக்கேல்ல, அது தான் எனக்கு இப்பவும் பெரிய பாரம்.

இதுக்குக் கீழ வந்து "வயசான ஆக்களைத் தனிய ஏன் விட்டனீங்கள்" எண்டு எழுத வேண்டாம். எல்லாம் யோசிச்சு அழுதாச்சு.

சரி, வேலைக்கு வாறன். முதல் ஒரு மேசன் வந்தவர், ஆரெண்டு சொல்லேல்ல. வந்த உடன "சேர் எப்ப வருவார், அவரோட கதைக்கிறன்" எண்டார். சேர் வாறதுக்கு எட்டு மாசம் இருக்கு, என்னோட கதையுங்கோ எண்டன். உடைஞ்ச மூடியை நூலால அளந்து, அதே அளவுக்கு 3 இஞ்சி மொத்தத்தில, மிச்சம் கிடந்த மெல்லிய கம்பியைப் போட்டுக் கொட்டினார். கலவை கஞ்சி மாதிரி ஓடுது. கம்பி பாத்தா மேல்பக்கமாக் கிடக்குது. நான் இஞ்சினியர் இல்ல, ஆனா பன்னிரண்டு வருசமா விஞ்ஞானம் படிப்பிக்கிறன், இது எனக்கு விளங்காத விசயம் இல்ல. ஒரு அழிறப்பரை எடுத்துப் பக்கவாட்டில பேனையால மேலயிருந்து கீழ கோடு கோடாக் கீறி, ரெண்டு முனையையும் பிடிச்சுக் கொண்டு நடுவைக் கீழ அமத்திப் பாருங்கோ. மேல்பக்கம் கோடுகள் கிட்டக் கிட்ட வரும், கீழ்ப்பக்கம் விலகும். கொங்கிறீற் நெருக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, இழுபடுறது கீழ்ப்பக்கம், அப்ப கம்பி இருக்க வேண்டியது கீழ. இதை நான் அவருக்கு அழிறப்பரை வச்சே காட்டினன். "ரீச்சர், நீங்கள் பள்ளிக்கூடத்தைப் பாருங்கோ, நாங்கள் இதைப் பாக்கிறம்" எண்டார். மூண்டாம் நாள் அச்சுப் பலகையைக் கழட்டி மூடியைப் போட்டிட்டுக் காசையும் வாங்கிக் கொண்டு போயிட்டார். நாலு மாசத்தில, குழி நிரம்பி கழிவு இழுக்கிற பவுசர் வந்த அண்டைக்கு, அதுவும் நடுவால வெடிச்சது. நல்ல காலம் ஒருத்தரும் கிட்ட நிக்கேல்ல.

இந்த இடத்தில ஒண்டு சொல்லாமப் போக ஏலாது, கேள்விக்கு சம்மந்தம் இல்ல எண்டு நினைச்சா இந்தப் பந்தியை விட்டிட்டுப் போங்கோ. "வீட்டில ஆம்பிளையள் இல்லையா" எண்ட கேள்வியை நான் எத்தினை இடத்தில கேட்டிட்டன். ஹார்ட்வெயாரில கம்பி கேட்டாக் கேப்பினம், ஸ்கூட்டி எடுக்கப் போன இடத்தில கேட்டவை, கரண்ட் மீற்றர் மாத்த வந்தவரும் கேட்டவர். 2009ல யுத்தம் முடியிறதுக்கு முந்தியும் பிறகும் இந்த வடக்கு கிழக்கில எத்தினை ஆயிரம் வீட்டை பொம்பிளையள் தனியக் கொண்டு போயினம், வீடு கட்டி, கிணறு கட்டி, பிள்ளையளைப் படிப்பிச்சு. அவையளுக்கு சீமெந்து எத்தினை பை வேணும் எண்டு தெரியாதா? நான் சொன்ன சொல்லை அண்டைக்குக் கேட்டிருந்தா ரெண்டாம் தரம் காசு போயிருக்காது. எல்லா மேசன்மாரும் அப்பிடி எண்டு நான் சொல்லேல்ல, அடுத்ததா வந்தவரைப் பற்றிச் சொன்னா விளங்கும்.

அவர் கிண்ணியா ஆள், எங்கட பள்ளிக்கூடத்தில கூடப் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் பிடிச்சுத் தந்தவ. அவரை "நானா" எண்டு தான் நாங்கள் கூப்பிடுறது. அவர் வந்து மூடியை ஏறெடுத்தும் பாக்கேல்ல. குந்தி இருந்து அலவாங்கால குழியிட விளிம்பைத் தான் தட்டிப் பாத்தவர். தட்டத் தட்ட செங்கல்லு ரஸ்க் மாதிரி உதிருது. "ரீச்சர், மூடி உடைஞ்சது பிறகு, அதுக்கு முந்தி இது உடைஞ்சு கனகாலம், ஒரு பக்கம் இருக்க இடம் இல்லாட்டி எந்த மூடியும் முறியத் தான் செய்யும்" எண்டார். எனக்கு அண்டைக்குத் தான் விசயம் பிடிபட்டது. நீங்கள் கேட்டதுக்கு மறுமொழியும் அது தான்: மூடியை மட்டும் மாத்தினாக் காணாது, அது இருக்கிற விளிம்பு என்ன நிலையில இருக்கு எண்டு பாக்காம ஒரு சதமும் செலவழிக்காதீங்கோ.

ஏன் உதிருது எண்டும் சொல்லுறன். குழிக்குள்ள இருந்து ஐதரசன் சல்பைட்டு வாயு வரும், அந்த அழுகின முட்டை மணம். மூடியிட அடிப்பக்கம் எப்பவும் ஈரம், அந்த ஈரத்தில இருக்கிற பற்றீரியா அந்த வாயுவை சல்பூரிக் அமிலமா மாத்தும், அமிலம் சீமெந்தைத் தின்னும். அதனால தான் மேல பாக்கேக்க நல்லா இருக்கிற மூடி கீழ பாத்தா வெள்ளையாப் பொருக்கு விட்டிருக்கும். இதுக்கு மேல எங்கட கடல் காத்து. உப்பு உள்ள இறங்கினா கம்பி கறள் பிடிக்கும், கறள் பிடிச்சா கம்பி ஊதும், ஊதினா கொங்கிறீற்றை உள்ளுக்க இருந்து வெடிக்க வைக்கும். கடற்கரை மணல் சும்மா கிடைக்குது எண்டு அள்ளிப் போடுற ஆக்கள் இதையும் யோசிக்க வேணும். ஆத்து மணல் தான் வேணும்.

நானா செய்தது இது. குழியைச் சுத்தி ஆறு இஞ்சிக்குப் பழசை உடைச்சு எடுத்து, ரெண்டு 10 மில்லிமீற்றர் கம்பி சுத்திப் போட்டுப் புதுசா ஒரு கொங்கிறீற் வளையம் கொட்டினவர். விளிம்பு சிதறாம இருக்க கல்வனைஸ் பண்ணின (நாகம் பூசின) எல் வடிவ இரும்புச் சட்டம் ஒண்டு, நீர்மட்டம் வச்சு, சுத்திவர அடியில சாந்து நிரம்ப அமத்தி இருத்தினது. மூலைக்கு மூலை கல்லை முட்டுக் குடுத்து நடுவில வெறுமையா விடுற வேலை வேண்டாம், டயர் ஏற ஏற ஆடி ஆடி ஒரு நாள் உடையும். மூடி 4 இஞ்சி மொத்தம், 10 மில்லிமீற்றர் கம்பி அஞ்சு இஞ்சிக்கு ஒண்டா நெட்டுக்கும் குறுக்குக்கும், அடியில இருந்து ஒரு இஞ்சி உயரத்தில, அதுக்கெண்டே சின்னச் சின்ன சீமெந்துக் கட்டி செய்து கம்பிக்குக் கீழ வச்சவர். கலவை சீமெந்து ஒண்டு, மணல் ஒண்டரை, முக்கால் இஞ்சிச் சல்லிக்கல்லு மூண்டு, தண்ணி மட்டாத் தான். நான் அழிறப்பரை எடுக்கவே தேவை இருக்கேல்ல, "கம்பி கீழ தானே இரிக்கணும்" எண்டு அவரே சொன்னார். ஈரமா இருக்கேக்கயே மேல்பக்கத்தில ஆணியால "மேல்" எண்டு எழுதச் சொன்னன், பிறகு கழட்டிப் போடுற ஆள் பிரட்டிப் போட்டா கம்பி மேல வந்திடும் எல்லோ. அடிப்பக்கத்துக்கு, காய்ஞ்ச பிறகு தார் ரெண்டு பூச்சு.

மூடியை ரெண்டு துண்டாச் செய்தது இன்னொரு நல்ல விசயம். ரெண்டரை அடிச் சதுரம் 4 இஞ்சி மொத்தம் எண்டா 140 கிலோ வரும், ஆர் தூக்கிறது? பாதியாப் போட்டா ஒண்டு 70, கொழுக்கியில கம்பி குடுத்து ரெண்டு பேர் தூக்கலாம். இதுக்குப் பிறகு தான் பொறுமை வேணும். 14 நாள் ஈரச் சாக்குப் போட்டு, நான் பள்ளிக்கூடம் போக முந்தி ஒருக்கா, வந்த பிறகு ஒருக்கா தண்ணி ஊத்தினன், அப்ப கச்சான் காத்துக் காலம், சாக்கு ஒரு மணித்தியாலத்தில காஞ்சிடும், பகல்ல மாமி கதிரையில இருந்து கொண்டே பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு ஊத்துவிச்சவ. 28 நாள் முடியும் வரைக்கும் கார் ஏத்தேல்ல. ஏழு நாளில முக்கால்வாசிப் பலம் கூட வராது, ரெண்டு நாளில ஏத்தலாம் எண்டு சொல்லுற ஆளை நம்பாதீங்கோ.

கொங்கிறீற் வேண்டாம், கடையில ரெடிமேட் வாங்கிறன் எண்டாலும் சரி. அதுக்கு ஈஎன் 124 எண்டு ஒரு ஐரோப்பியத் தரம் இருக்கு, மூடியிலயே அடிச்சிருக்கும். ஏ 15 எண்டா ஒண்டரை தொன் சோதனைப் பாரம், நடந்து போற இடத்துக்கு மட்டும். கார் போற வீட்டுப் பாதைக்கு பி 125, அது பன்னிரண்டரை தொன். டி 400 றோட்டுக்கு, வீட்டுக்குத் தேவையில்லை. விலை குறைவு எண்டு ஏ 15ஐத் தலையில கட்டப் பாப்பினம், எழுத்தைப் பாத்து வாங்குங்கோ. சட்டத்தோட சேத்து வாங்குங்கோ, பழைய சட்டத்துக்குப் புது மூடி பொருந்துறது அருமை. அளவு எடுக்கேக்க உடைஞ்ச மூடியை அளக்காதீங்கோ, குழியிட உள்வாயை அளவுங்கோ, கடையில கேக்கிறது அந்த அளவு தான். வார்ப்பிரும்பு எங்கட மாதிரிக் கடற்கரை ஊரில கறள் பிடிக்கும், பழைய இரும்புக்குக் களவும் போகும், பைபர் மூடிக்கு அந்த ரெண்டு பிரச்சினையும் இல்ல. சட்டத்துத் தவாளிப்பில கிறீஸ் பூசினா மணமும் வராது, நுளம்பும் வராது.

நீங்களே செய்யலாமா எண்டா, விளிம்பு உறுதியா இருந்து சட்டத்தோட மூடி வாங்கி இருத்திற அளவு வேலை எண்டா ரெண்டு பேராச் செய்யலாம். விளிம்பு உதிருது எண்டா மேசன் தேவை. எப்பிடி எண்டாலும் குழிக்குள்ள இறங்காதீங்கோ, விழுந்த துண்டை எடுக்கிறன் எண்டு தலையைக் கூட உள்ள விடாதீங்கோ. அந்த அழுகின முட்டை மண வாயு கூடினா மணமே தெரியாமப் போயிடும், மணம் இல்ல எண்டு இறங்கின ஒருத்தர் விழ அவரைத் தூக்க இறங்கின மற்றவரும் விழுந்து தான் செத்திருக்கினம். மெதேனும் இருக்கும், சிகரெட்டோட கிட்டப் போகவும் கூடாது. நாங்கள் விழுந்த மூலையைக் கொழுக்கி கட்டின கம்பியால தான் எடுத்தம்.

உள்வாய் எத்தினை இஞ்சி, விளிம்பு கல்லா கொங்கிறீற்றா, பவுசர் உள்ள வாறதா எண்டு கீழ எழுதுங்கோ, கம்பிக் கணக்கு நான் போட்டுத் தாறன். அதுக்கு முதல் பலகையை எடுங்கோ.