எஃப்சி காட்டப் போறீங்களா? பேப்பர் பத்தி கேட்டதுக்கு பதில்

எஃப்சிக்கு, அதாவது வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு வாங்கற சான்றிதழுக்கு, என்ன எடுத்துட்டுப் போகணும்னு ஆளாளுக்கு கேக்குறீங்க, மொத்தமா இங்கயே சொல்லிடறேன். தமிழ்நாடு ஆர்டிஓ ஆபீஸ வச்சுத்தான் பேசறேன்.

கேள்வி: அண்ணே, டாட்டா ஏஸ் ஓட்றேன். புதுசா எடுத்து 2 வருஷம் ஆகப்போகுது, என்னென்ன வேணும்?

ஆர்சி (வண்டியோட பதிவு சான்றிதழ்), இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், ஆன்லைன்ல ஃபீஸ் கட்டின ரசீது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டின பேப்பர், ஸ்பீடு கவர்னர் (வேகத்த கட்டுப்படுத்தற கருவி) இருந்தா அதோட சர்டிபிகேட். டேக்ஸ் பாக்கி, இ-சலான் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. உங்க வண்டி மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள, அதனால பெர்மிட் தேவையில்ல தம்பி, யாராவது கேட்டு குழப்பினா பயந்துடாதீங்க. வண்டிக்கு 8 வயசு ஆகற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருதடவை, அப்புறம் வருஷா வருஷம் காட்டணும்.

ஆனா நான் பாத்த வரைக்கும் பேப்பர் இல்லாம திரும்பி வர்றவங்க கம்மி, பேப்பர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம திரும்பறவங்கதான் ஜாஸ்தி. இன்சூரன்ஸ்ல சேஸிஸ் நம்பர் ஒரு எழுத்து மாறியிருக்கும், நாம பிரீமியம் எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு மடிச்சு டேஷ்போர்டுல சொருகியிருப்போம், வண்டிய சோதிக்கற பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டில இருக்கற சேஸிஸ் நம்பர அச்செடுத்த பிரிண்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கறப்பதான் மாட்டும். முந்தின நாள் ராத்திரியே ஆர்சிய பக்கத்துல வச்சு இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், பேரு மூணையும் எழுத்து எழுத்தா பாத்துடுங்க.

கேள்வி: சார், எல்லாமே போன்ல டிஜிலாக்கர்ல இருக்கு. பத்தாதா?

ரோட்டுல போலீஸ் கேட்டா அது செல்லும். எஃப்சிக்கு ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க சார், அங்க போய் சார்ஜ் இல்லன்னு நிக்கவேணாம்.

கேள்வி: அப்பா பேர்ல ஆட்டோ. அப்பா போன மாசம் தவறிட்டாங்க, எஃப்சி முடியப்போகுது. அம்மா பேர்ல எப்படி காட்டறது?

முதல்ல பேர் மாத்தற வேலைய ஆரம்பிங்கம்மா. இறந்த விஷயத்த 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்கு எழுதிக் குடுத்தா 3 மாசம் வரைக்கும் ஓட்டிக்கலாம், அதுக்குள்ள பேர் மாத்தற ஃபார்ம் 31 போட்ரணும். அதோட இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தது எல்லாம் வேணும். பெர்மிட் தனி கணக்கு, அதையும் மாத்தணும், பலபேர் ஆர்சி மாறினதும் முடிஞ்சுதுன்னு இதை விட்டுடறாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க. ஆட்டோ மீட்டர்ல போட்ட சீல் தேதியும் பாத்துக்கோங்க.

கேள்வி: சொந்த கார், 15 வருஷம் முடியுது. இதுக்கும் எஃப்சியா?

ஆமா, ஆர்சி ரினியூவல்னு சொல்லுவாங்க. ஃபார்ம் 25, முடியறதுக்கு 60 நாள் முன்னாடியிருந்தே போடலாம். காருக்கு ஃபீஸ் 5000, பைக்குக்கு 1000, பசுமை வரி தனி. பாஸானா இன்னும் 5 வருஷம். தள்ளிப்போட்டா காருக்கு மாசம் 500 ஏறும்.

கேள்வி: லாரிக்கு எஃப்சி தேதி தாண்டிடுச்சுங்க, லோடு இருக்கு. ஒரு நடை போய்ட்டு வந்து காட்டலாமா?

வேணாங்க. லேட் ஃபீஸ் நாளுக்கு 50 ரூபாதான், அது பெரிய விஷயமில்ல, ஆனா எஃப்சி இல்லாம ஓட்றது பதிவே இல்லாத வண்டி ஓட்ற மாதிரின்னுதான் சட்டம் சொல்லுது, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல புடிப்பான். லோட வேற வண்டில மாத்தி விடுங்க.